மூலைக் கம்பமும் மூன்று டியூப் வார்களும்

கரண்டு ஆபீஸ்காரனைத் தேடி ஜனங்கள் இரண்டே காரணத்துக்காகத்தான் வருவார்கள்: கரண்டு வரவில்லை என்று ஒன்று, வந்த கரண்டு போய்விட்டது என்று இன்னொன்று. "விளக்கு நன்றாக எரிகிறது, சொல்லிவிட்டுப் போகலாம் என்று வந்தேன்" என்று ஒரு ஜீவன்கூட என் சர்வீஸில் படியேறி வந்ததில்லை. ரேஷன் கடை, தாலுகா ஆபீஸ், போஸ்டாபீஸ் என்று ஜனங்களுக்கு எதிரே உட்கார்ந்து வாங்கிக் கட்டிக்கொண்ட அன்பர்களே, உங்களுக்கு இதை நான் விளக்க வேண்டியதில்லை.

எழுபதுகளின் தொடக்கம். பாலிடெக்னிக் முடித்த கையோடு திருவாரூருக்கும் கூத்தாநல்லூருக்கும் நடுவே ஒரு செக்ஷனில் என்னை சூப்பர்வைசராகப் போட்டார்கள். குடிசைக்கெல்லாம் விளக்கு என்று மேடைக்கு மேடை முழங்கிக்கொண்டிருந்த ஆட்சி. கீழே வயலிலோ கூலித் தகராறு, குத்தகைத் தகராறு, நில உச்சவரம்புத் தகராறு. வரப்பில் ஒரு குச்சி நட்டால்கூட அது எந்தக் கட்சிக் குச்சி என்று கேட்கும் காலம். அந்தக் காலத்தில், அந்த மண்ணில், கம்பம் நடுவது என் உத்தியோகம். ஊர்ப் பெயரை மட்டும் சொல்ல மாட்டேன். சொன்னால் இன்றைக்கும் யாராவது மனுவோடு வந்து நிற்பார்கள்.

கொடிக்கயிற்றில் ஒரு செங்கல்

வேலையில் சேர்ந்த முதல் மாதமே ஓய்வுபெற்ற ஹெட்மாஸ்டர் ஒருவர் என்னைப் பிடித்துக்கொண்டார். அவர் வீட்டு வாசலில் போகும் கம்பி நடுவில் தொய்ந்து கிடக்கிறதாம். "என்ன வேலை பாக்குறீங்க? கம்பின்னா ஸ்கேல் வச்சுக் கோடு போட்ட மாதிரி இருக்க வேணாமா?" என்று மூன்று நாள் தொடர்ந்து ஆபீசுக்கு வந்தார். நாலாவது நாள் நானே அவர் வீட்டுக்குப் போனேன். கொல்லையில் துணி உலர்த்தும் கொடிக்கயிற்றின் நடுவில் ஒரு செங்கல்லைக் கட்டித் தொங்கவிட்டு, "ஐயா, இந்தக் கயித்த நேரா இழுத்துக் காட்டுங்க" என்றேன்.

அவர் ஒரு பக்கம் இழுத்தார். போதவில்லை. மனைவியைக் கூப்பிட்டு மறுபக்கம் இழுக்கச் சொன்னார். செங்கல் கொஞ்சம் ஏறியது. இன்னும் இழுத்தார்கள், இன்னும் கொஞ்சம் ஏறியது. ஆனால் கயிறு நேராகவே ஆகவில்லை. காரணம் சின்னதுதான். கயிறு தன் நீளத்தின் வழியாக மட்டும்தான் இழுக்கும். செங்கல்லோ நேரே கீழே இழுக்கிறது. கயிறு சாய்ந்திருந்தால் அந்த இழுப்பில் ஒரு பங்கு மேல்நோக்கி இருந்து செங்கல்லைத் தாங்கும். கயிறு படுத்துவிட்டால் மேலே தூக்க அதற்குக் கை ஏது? கம்பிக்கு அதன் சொந்த எடையே செங்கல். எவ்வளவுக்கு நேராக்குகிறோமோ அவ்வளவுக்கு இழுவிசை ஏறிக்கொண்டே போகும், கடைசியில் கயிறு அறும் அல்லது ஆணி வரும். இங்கே ஆணி வந்தது. கூடவே சுவர்ப் பூச்சு ஒரு முறம் வந்தது. பூச்சைப் பெருக்கிக்கொண்டே அந்த அம்மாள் சொன்னார்: "முப்பது வருஷமா எல்லாரையும் நிமுந்து நில்லு நிமுந்து நில்லுன்னு சொல்லியே பழகிட்டாரு தம்பி. கம்பிக்கிட்டதான் பலிக்கலை."

பதினோரு வருஷக் குழி

என் கீழே கம்பத்துக்குக் குழி வெட்டும் ஆட்களில் மூத்தவர் கோவிந்தன். நாற்பது வயதிருக்கும். களிமண்ணில் ஆறடிக் குழியை நூல் பிடித்தாற்போல் இறக்குவார். ஒரு நாள் ஒரு காகிதத்தைக் கொண்டுவந்து நீட்டினார். காலனித் தெருவுக்கு விளக்கு கேட்டுக் கொடுத்த மனு. முப்பத்திரண்டு கைநாட்டு. "உங்க தெருவா?" என்றேன். ஆமாம் என்று தலையாட்டினார். சுற்றுவட்டாரத்தில் அத்தனை ஊருக்கும் இவர் வெட்டிய குழியில்தான் கம்பம் நிற்கிறது, இவர் தெருவில் மட்டும் சிம்னி விளக்கு.

மனு ஏற்கெனவே மேலே போய், அனுமதியாகி, ஆறு கம்பமும் கம்பியும் வந்து இறங்கியிருந்தன. ஆனால் எங்கள் அசிஸ்டென்ட் இன்ஜினீயர், ஏ.இ., ஒரு கெடு வைத்திருந்தார். புரட்டாசி முடிவதற்குள் லைனில் கரண்டு ஏற்றியாக வேண்டும். ஐப்பசி மழை பிடித்துவிட்டால் தை வரைக்கும் அந்த மண்ணில் குழி நிற்காது, அதுவரை சாமானைச் சும்மா போட்டு வைக்க முடியாது, வேதாரண்யம் பக்கம் வேறு வேலைக்கு ஏற்றிவிடுவார்கள். போனது திரும்பி வந்ததாக எங்கள் இலாகா சரித்திரத்திலேயே கிடையாது. அதை நான் சுற்றி வளைத்துச் சொல்லிக்கொண்டிருக்கையில் கோவிந்தன் குறுக்கிட்டார்: "குழி நான் வெட்டிப்புடுறேன் சார். மழைய மட்டும் நீங்க பாத்துக்குங்க."

கொடி ஏறிய கம்பம்

லைன் மேற்கேயிருந்து சாலையோரமாக வந்து, ஒரு வயலின் மூலையில் வடக்கே திரும்பிக் காலனித் தெருவுக்குப் போக வேண்டும். ஐந்து கம்பத்துக்கு ஒரு வம்பும் இல்லை. அந்த மூலைக் கம்பம்தான் வம்பு. அதை நட்டுவிட்டு மறுநாள் காலை போனால் உச்சியில் ஒரு செங்கொடி பறக்கிறது. பகலில் கறுப்பு சிவப்புக்காரர்கள் வந்து, ஆட்சி எங்களுடையது, விளக்கும் எங்களுடையது என்று அதற்கு ஒரு முழம் மேலே தங்கள் கொடியைக் கட்டினார்கள். சாயங்காலம் மூன்றாவது கட்சி ஒன்று ஏணியோடு வந்தது.

குறுவை அறுப்புக் கூலியில் ஒரு மரக்கால் நெல் கூடக் கேட்டுக் காலனிக்காரர்கள் நிலக்காரர்களோடு எதிரும் புதிருமாக நின்ற நேரம் அது. ஊர் எல்லையில் போலீஸ் லாரி நின்றது. எந்தக் கொடியை முதலில் அவிழ்ப்பது என்பதே பெரிய பிரச்சினை. ஒன்றை முந்தி அவிழ்த்தால் அவர்கள் அடிப்பார்கள், பிந்தி அவிழ்த்தால் மற்றவர்கள். எங்கள் வயர்மேன் செபஸ்தியான் வேளாங்கண்ணிக்காரர், இந்த ஊர் வழக்கில் சம்பந்தமில்லாதவர். மேலே ஏறி மூன்றையும் ஒரே பிடியாகச் சுருட்டிக்கொண்டு இறங்கினார். இறங்கிச் சொன்னது: "கம்பிய மாட்டுறதுக்கு முன்னாடியே மூணு பக்கமும் இழுக்குறானுவ சார். இந்தக் கம்பம் நேரா நிக்கவா போவுது?"

பெரிய வீட்டம்மா

செபஸ்தியானுடைய வாயில் அன்றைக்குச் சனி உட்கார்ந்திருந்தது. திரும்புமுனைக் கம்பத்தை மேற்குக் கம்பி மேற்கே இழுக்கும், வடக்குக் கம்பி வடக்கே இழுக்கும். இரண்டையும் அம்புக்குறியாகப் போட்டு இணைகரத்தை முடித்தால் மூலைவிட்டம் வடமேற்கே போகும். ஆகவே அதற்கு நேர் எதிராகத் தென்கிழக்கே ஒரு கம்பியைச் சாய்வாக இழுத்துத் தரையில் புதைக்க வேண்டும். ஸ்டே கம்பி என்போம். ஸ்டே இல்லாத மூலைக் கம்பம் சாயும். இது முதல் வருஷப் பாடம், இதில் சந்தேகமே கிடையாது. சந்தேகம் எல்லாம் தென்கிழக்கில்தான் இருந்தது. அது சௌந்தரம் அம்மாளின் வயல்.

ஊரில் பெரிய வீட்டம்மா என்றால் அவர்தான். கணவர் போய்ப் பத்து வருஷம், பிள்ளைகள் பம்பாயில். நிலத்தைத் தானே நின்று பார்த்தார். உச்சவரம்பு ஆட்கள் ஒரு பக்கம் சங்கிலி பிடித்து அளக்க, குத்தகைக்காரர்கள் மறுபக்கம் பெயரைப் பதியச் சொல்லிக் கேட்க, அந்த அம்மாளுக்குத் தூக்கம் போய் ரொம்ப நாளாகியிருந்தது. இரண்டடிக் குழி ஒன்றுதான், நஷ்ட ஈடு உண்டு என்று நான் சொன்னதையெல்லாம் மோர் கொடுத்துவிட்டுப் பொறுமையாகக் கேட்டார். பிறகு சொன்னார்: "தம்பி, ஒரு கம்பம் நட்டீங்க, ஒரே நாள்ல மூணு கொடி ஏறிச்சு. இன்னும் ஒரு கம்பிய நான் எம் பயிருக்குள்ள விட்டேன்னா, அதப் புடிச்சிக்கிட்டு யாரு யாரு வருவாங்கன்னு உங்க கணக்குல இருக்கா?"

என் கணக்கு எங்கே போனது

இங்கேதான் நான் ஒரு காரியம் செய்தேன். கீழத்தஞ்சையில் வேலை பார்த்தவன் மட்டும் செய்யக்கூடிய தப்பு அது. விசை எந்தப் பக்கம் என்று பார்க்காமல், புறம்போக்கு எந்தப் பக்கம் என்று பார்த்தேன். அந்த அம்மாளின் வயலுக்கு வடக்கு ஓரம் வாய்க்கால் கரை, மூலையிலிருந்து நேர் கிழக்கே ஓடுகிறது. சர்க்கார் நிலம். யாரும் கேட்க மாட்டார்கள். தென்கிழக்குக்கும் கிழக்குக்கும் என்ன பெரிய வித்தியாசம் என்று மனசைச் சமாதானப்படுத்திக்கொண்டு ஸ்டேயைக் கரையில் புதைக்கச் சொன்னேன். கோவிந்தன் ஒரு தடவை என்னைப் பார்த்தார். மண்வெட்டியை எடுத்துக்கொண்டு கரைக்குப் போனார்.

மேற்குக் கம்பியை இழுத்தோம். கம்பம் அசையவில்லை, எதிரே கிழக்கில் ஸ்டே இருக்கிறதே. எனக்குப் பெருமை தாங்கவில்லை. பிறகு வடக்குக் கம்பியை இழுத்தோம். எதிரே தெற்கில் ஒரு துரும்பும் இல்லை. கம்பம் முதலில் ஒரு சாண் சாய்ந்தது, பிறகு ஒரு முழம். உச்சியில் செபஸ்தியான். கோவிந்தன்தான் கம்பத்து உச்சியிலிருந்து தொங்கிய வடத்தைப் பாய்ந்து பிடித்து, மூலையிலிருந்து தெற்கே போகும் வரப்பு வழியே ஓடி, மல்லாந்து விழுகிற மாதிரிச் சாய்ந்து நின்றார். கம்பம் நின்றது. நான் கத்திய கத்தலில் வடக்கே கம்பியைத் தளர்த்தினார்கள். செபஸ்தியான் இறங்கிவந்து சிலுவை போட்டுக்கொண்டார். "அந்தப் பக்கம் மாதா நின்னாங்க, இந்தப் பக்கம் கோவிந்தன் நின்னான். நீங்க போட்ட கணக்கு எங்க சார் நின்னுச்சு?"

சாய்ந்தது சாய்ந்தபடியே இருந்த கம்பத்தைச் சாயங்காலம் பெரிய வீட்டம்மா குடையோடு வந்து பார்த்துவிட்டுப் போனார். போகும்போது எனக்குக் கேட்கும்படியே சொன்னார்: "பாத்துக்குங்க. கம்பம்கூடக் காலனிப் பக்கம் சேந்துக்கிச்சு."

பழைய டியூப், லாரி டியூப்

கெடுவுக்கு இன்னும் பன்னிரண்டு நாள். அந்த அம்மாளுக்கு எப்படியாவது புரியவைக்க வேண்டும். சொல்லிப் பிரயோஜனமில்லை, கண்ணெதிரே காட்ட வேண்டும். எங்கள் பக்கம் சைக்கிள் கேரியரில் சாமான் கட்டப் பழைய டியூப்பை நீளமாக வெட்டி வார் வைத்திருப்பார்களே, அதில் மூன்றை ஒரு முடிச்சாகப் போட்டு, மூன்று பேர் மூன்று பக்கம் இழுத்தால் முடிச்சு தானே போய்ச் சரியான இடத்தில் நிற்கும். எந்தத் திசை என்று வாரே காட்டும், எவ்வளவு இழுவை என்று அது நீளுகிற நீளம் காட்டும். கோவிந்தனிடம் மூன்று வார் வெட்டிவரச் சொன்னேன். ஒவ்வொன்றிலும் விரற்கடைக்கு ஒரு கோடு போட்டு, முதலில் டீக்கடையில் ஒத்திகை பார்த்தோம்.

மேற்கு வார் நாலு விரல் நீண்டது. வடக்கு வார் நாலு விரல் நீண்டது. எதிரே இரண்டையும் சேர்த்துத் தாங்குகிற தென்கிழக்கு வார் ஆறு விரலுக்குக் கொஞ்சம் குறைவாக நீள வேண்டும், பெரிய இழுப்பு அதற்குத்தான். அது ஒரே ஒரு விரல் நீண்டது! மறுபடி செய்தோம், மறுபடியும் ஒரு விரல். அப்புறம்தான் தொட்டுப் பார்த்தேன். இரண்டு வார் பழைய சைக்கிள் டியூப், மூன்றாவது லாரி டியூப். கனத்த ரப்பர் அதே இழுப்புக்குக் கொஞ்சமாகத்தான் நீளும். ஒவ்வொரு ரப்பருக்கும் அதனதன் வீம்பு உண்டு, ஒரே ஜாதி ரப்பராக இருந்தால்தான் நீளத்தை வைத்து இழுவிசையை ஒப்பிட முடியும். இதை நான் சொல்ல வாயெடுப்பதற்குள் டீக்கடைக்காரர் கூட்டத்துக்குத் தீர்ப்புச் சொல்லிவிட்டார்: "இவங்க ரெண்டு பேரு நாலு நாலு விரலு வளைஞ்சு குடுக்குறாங்க, பெரிய வீட்டம்மா பக்கம் ஒத்த விரலுதான். அந்த அம்மா மசியாதுன்னு சயின்ஸே சொல்லுதே, அப்புறம் என்ன?"

நட்ட பயிர்

அடுத்த முறை ஒரே டியூப்பில் நாலு வார் வெட்டினேன், அறுந்தால் இருக்கட்டும் என்று ஒன்று கூடுதல். ஒவ்வொன்றிலும் ஒரே எடைக்கல்லைத் தொங்கவிட்டு, ஒரே அளவு நீளுகிறதா என்று பார்த்துக்கொண்டேன். பெரிய வீட்டம்மாவை ஆபீசுக்கு அழைத்தேன், வரவில்லை. "படமெல்லாம் வேணாம், எடத்துல வச்சுக் காட்டு" என்று சொல்லியனுப்பினார். சாய்ந்த கம்பத்தின் அடியில் கூடினோம். செபஸ்தியான் மேற்கே ஒரு வாரைப் பிடித்தார், வடக்கே நான். தென்கிழக்கே கோவிந்தன். அதாவது மூலையிலிருந்து ஒரு எட்டு வயலுக்குள் இறங்கி நிற்க வேண்டும். சம்பா நட்டு இருபது நாள், பயிர் பச்சைப்பசேலென்று பிடித்திருந்தது.

கோவிந்தன் இறங்கவில்லை. வரப்பில் நின்றபடியே கையை எட்டி எட்டி நீட்டினார். முடிச்சு கோணிக்கொண்டு போனது. இந்த அம்மாள் இவ்வளவு தூரம் வந்ததே பெரிய விஷயம், இனி ஒரு தடவை வரமாட்டார். "எறங்குங்க கோவிந்தன், நாலு குத்துப் பயிருதானே, உங்க தெரு விளக்கு இதுல இருக்கு" என்று பல்லைக் கடித்துக்கொண்டு சொன்னேன். அவர் தலையைக் குனிந்துகொண்டார். "நட்ட பயிர மிதிக்க மாட்டேன் சார். இது எங்க வீட்டுக்காரி நட்டது" என்றார்.

கூலிக்காகப் பத்து நாளாக இந்த வயல்காரியோடு மல்லுக்கட்டி நிற்கிற தெருவின் ஆள். பெரிய வீட்டம்மா குடையை மடக்கினார். என்னைப் பார்த்துத்தான் சொன்னார்: "நட்டவன் மிதிக்க மாட்டேங்குறான். படிச்சவன் மிதிங்குறான். நல்லா இருக்குய்யா ஒங்க படிப்பு."

நான்காவது வார்

நான் வாரைச் சுருட்டப் போனேன். "இருப்பா" என்றார் அந்த அம்மாள். குனிந்து முடிச்சையே கொஞ்ச நேரம் பார்த்தார். "அந்தப் பக்கம் ரெண்டு பேரு இழுக்குறீங்க. இந்தப் பக்கம் மட்டும் எதுக்கு ஒத்த ஆளு நடு வயல்ல நிக்கணும்? வாய்க்கா கரையில ஒருத்தன், வரப்புல ஒருத்தன், ரெண்டு பேரா பிரிஞ்சு நின்னா ஆகாதா?" என்று கேட்டுவிட்டு, என் தோளில் கிடந்த நான்காவது வாரைத் தானே எடுத்து முடிச்சில் கட்டினார். கிழக்கே வாய்க்கால் கரையில் அவர் நின்றார். தெற்கே வரப்பில் கோவிந்தன். நாலு பேரும் இழுத்தோம். முடிச்சு ஆணி அடித்த மாதிரி நின்றது. எண்ணிப் பார்த்தேன்: நாலு வாரும் நாலு நாலு விரல்.

அன்பர்களே, எனக்கு அழுகை வராத குறை. ஒரு விசையை இரண்டு கூறாகப் பிரிக்கலாம் என்பதும் அதே முதல் வருஷப் பாடம்தான். தென்கிழக்கு இழுப்பைக் கிழக்கே ஒன்று, தெற்கே ஒன்று என்று பிரித்தால் இரண்டும் ஓரத்தோடு போய்விடும், வயலுக்குள் காலே வைக்க வேண்டாம். அது மட்டுமா? கம்பம் சாய்ந்த அன்று கோவிந்தன் வடத்தோடு ஓடி நின்ற இடம் அதே தெற்கு வரப்புதான். விடை என் கண்ணெதிரே மல்லாந்து நின்றிருக்கிறது, நான் பார்க்கவில்லை. இன்னொரு சந்தோஷம், நான் புறம்போக்கு பார்த்துப் புதைத்த கிழக்கு ஸ்டேயைப் பிடுங்கவே வேண்டாம். என் தப்பு பாதி சரியாகிவிட்டது. வாரைக் கழற்றி என் கையில் கொடுத்துவிட்டு அந்த அம்மாள் சொன்னார்: "வரப்புல போட்டுக்க. பயிருக்குள்ள ஒரு சாண் வந்துச்சுன்னா நானே வந்து புடுங்கிப் போட்டுடுவேன்."

மேலிடம்

ஒரு கம்பத்துக்கு ஒரு ஸ்டேதான் எஸ்டிமேட்டில் இருந்தது. இன்னொன்று வேண்டும் என்று ஏ.இ.யிடம் போய் நின்றேன். ஸ்டே கம்பி படுக்கையாக இல்லாமல் சாய்ந்து இறங்குவதால், லைன் இழுப்பைவிட அதன் இழுப்பு ஒன்றரை மடங்கு வரும், ஆகவே கனமான கம்பியாக வேண்டும் என்றும் சொன்னேன். அம்புக்குறிப் படத்தை நாலு பக்கமும் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிழக்கு அம்பைப் பேனாவால் தட்டினார். என் உயிர் என்னிடம் இல்லை. கையெழுத்துப் போட்டுவிட்டு நிமிர்ந்தார். "இந்த மொதல் ஸ்டேய ஏன்யா இந்தப் பக்கம் போட்டேன்னு நான் கேக்கப் போறதில்லை. நீயும் சொல்லித் தொலைக்காதே."

கரைந்த வரப்பு

தெற்கு ஸ்டேயை இறுக்கி, கம்பத்தை நிமிர்த்தி, இரண்டு கம்பியையும் இழுத்துக் கட்டி முடித்த அன்று மாலை வானம் கறுத்தது. கெடுவுக்கு இரண்டு நாள் இருந்தது. மழைக்கு அது தெரியவில்லை. காற்றும் இடியுமாகப் பிடித்த மழை விடியும்வரை விடவில்லை. நான் ஓட்டுவீட்டில் படுத்துக்கொண்டு, சேற்றில் ஸ்டே பிடுங்கிக்கொண்டு வருவதையும், மூலைக் கம்பம் மற்ற ஐந்தையும் இழுத்துக்கொண்டு படுப்பதையும் விடிய விடியக் கற்பனை செய்தேன். விழுந்தால் எல்லாச் சாமானும் வேதாரண்யத்துக்கு, கோவிந்தன் தெருவுக்கு மறுபடி சிம்னி விளக்கு.

விடிந்ததும் சைக்கிளை மிதித்தேன். தூரத்திலேயே தெரிந்தது, கம்பம் கொத்தனார் தொங்கவிட்ட தூக்குநூல் போல் நின்றது. சைக்கிளைப் போட்டுவிட்டு அப்படியே சாலையில் உட்கார்ந்துவிட்டேன். வாழ்க்கையில் அவ்வளவு நிம்மதியாக நான் ஈரத்தில் உட்கார்ந்ததே இல்லை. எனக்கு முன்னாலேயே பெரிய வீட்டம்மா வந்திருந்தார். தலையில் துண்டைப் போட்டுக்கொண்டு தெற்கு ஸ்டேயைக் கையால் ஆட்டிப் பார்த்துக்கொண்டிருந்தார். அது அசையவில்லை. என்னைப் பார்த்ததும் முகத்தை இறுக்கிக்கொண்டார்: "ஒங்க கம்பம் நிக்குது. எங்க வரப்பு போச்சு. இத யாரு அண்டை கட்டுவா?"

கோவிந்தன் வேலை

அண்டை கட்டியது கோவிந்தன்தான். பகல் முழுதும் சேறு வெட்டிப் போட்டு, ஸ்டேயைச் சுற்றி வரப்பை முன்னைவிடப் பருமனாக எழுப்பினார். அதே வாரம் கூலித் தகராறும் தாசில்தார் முன்னிலையில் அரை மரக்காலில் முடிந்தது. அதற்கும் எனக்கும் சம்பந்தமில்லை, இருந்தாலும் போலீஸ் லாரி ஊரைவிட்டுப் போனதைப் பார்க்க எனக்கும் நிம்மதியாக இருந்தது. அண்டை கட்டிய மறுநாள், புரட்டாசி கடைசித் தேதி, சாயங்காலம் ஆறு மணிக்குக் காலனித் தெரு முனையில் ஃப்யூஸைப் போட்டேன். ஆறு பல்பும் எரிந்தன. பிள்ளைகள் ஓவென்று கத்தின. யாரோ அவசரமாகச் சிம்னி விளக்கை ஊதி அணைத்துவிட்டு, பழக்கதோஷத்தில் மறுபடி ஏற்றிக்கொண்டு வந்தார்கள்.

கோவிந்தன் மட்டும் பல்பைப் பார்க்கவில்லை. தன் வீட்டு வாசலில் நின்ற மனைவியையே பார்த்துக்கொண்டிருந்தார். அவர் மனைவி அண்ணாந்து கம்பத்தை அடியிலிருந்து நுனிவரை பார்த்தார், பிறகு கணவரைப் பார்த்தார், மறுபடி கம்பத்தைப் பார்த்தார். நான் அருகில் போய், எப்படி இருக்கிறது என்று கேட்டேன். கோவிந்தன் தோளில் கிடந்த துண்டை எடுத்து முகத்தைத் துடைத்துக்கொண்டு சொன்னார்: "பதினோரு வருஷமா ஊரு ஊரா கம்பம் நட்டேன் சார். நான் என்ன வேலை பாக்குறேன்னு எங்க வீட்டுக்காரி இன்னைக்குத்தான் பாக்குறா."

முப்பது வருஷ சர்வீஸில் நான் நட்ட கம்பங்களில் நேராக நின்றதெல்லாம், யாராவது ஒருவர் என்னை நன்றாகத் திட்டிய பிறகு நின்றவைதான்.